18 வருஷம் கழித்துத் திரும்பி வந்த பூனைகள்: லிலியன் ஜாக்சன் பிரௌன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இந்தப் பூனைத் துப்பறியும் நாவல்களை இரவல் வாங்கிப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. புத்தகம் திரும்பி வருகிறதோ இல்லையோ, கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. அதிலும் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: 1968-க்கும் 1986-க்கும் நடுவில் இந்த அம்மா எங்கே போனார்? அதற்கு மட்டும் பதில் சொன்னால் பாதிக் கதைதான் ஆகும், அதனால் மற்றவற்றையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

யார் இவர்?

அமெரிக்கர். 1913 ஜூன் 20 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதி டெட்ராய்ட்டில். பதின்பருவத்திலேயே 'டெட்ராய்ட் நியூஸ்' பத்திரிகைக்கு பேஸ்பால் ஆட்டங்களைப் பற்றிப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர். அப்புறம் பெரிய பல்பொருள் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதினார். அதற்குப் பிறகு 'டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்' நாளிதழில் 'குட் லிவிங்' பகுதியின் ஆசிரியராக ஏறக்குறைய 30 வருஷம். வீட்டு அலங்காரம், கலைப்பொருள், பழம்பொருள், இதெல்லாம் அவர் மேஜைக்கு வந்த சமாச்சாரங்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

துப்பறியும் நாவல்கள் மொத்தம் 29. எல்லாத் தலைப்பும் 'தி கேட் ஹூ' என்றுதான் தொடங்கும். ஆங்கிலத்தில் பூனை முன்னால் வந்து அது செய்த வேலை பின்னால் வரும். தமிழில் பெயரெச்சம் இருப்பதால் நமக்கு இன்னும் வசதி: 'படித்த பூனை', 'தின்ற பூனை', 'முகர்ந்த பூனை' என்று சொல்லிக்கொண்டே போகலாம். கீழே அப்படியேதான் சொல்லப்போகிறேன்.

'கோஸி' என்கிறார்களே, அது என்ன வகை?

கொலை உண்டு, கோரம் கிடையாது. ரத்தம் பெரும்பாலும் கதைக்கு வெளியே சிந்தியிருக்கும். துப்புத் துலக்குகிறவர் போலீஸாக இருக்க மாட்டார். நூலகர், சமையல்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார் என்று யாராவது. ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கடைசிப் பக்கத்தில் குற்றவாளி பிடிபட்டு ஊர் பழையபடி காப்பி குடிக்கப் போய்விடும்.

கோஸி என்றால் கதகதப்பு என்று அகராதி சொல்லும். தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்கப் போர்த்துகிற துணிக்கும் அதே பெயர்தான். பனி கொட்டுகிற ஊரில் கதகதப்பு சுகம். சித்திரை வெயிலில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு 'கதகதப்பான கதை' என்றால் கையில் விசிறி எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதனால் நான் மொழிபெயர்க்காமல் கோஸி என்றே விட்டுவிடுகிறேன்.

பூனை எப்படிக் கதைக்குள் வந்தது?

ஒரு சாவிலிருந்து வந்தது. 40ஆவது பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு சயாமீஸ் பூனைக்குட்டி வாங்கிக் கொடுத்தார். கோக்கோ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வயதில் அது அடுக்குமாடிக் குடியிருப்பின் 10ஆவது மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனது. தானாக விழவில்லை, யாரோ தள்ளிவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். இவருக்குத் தூக்கம் போய்விட்டது, கெட்ட கனவுகள். அந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு சிறுகதை எழுதினார். குட்டியைக் கொன்றவனைத் தாய்ப்பூனை பழிவாங்குகிற கதை. 1962இல் 'எல்லரி குயின்ஸ் மிஸ்டரி மேகஸின்' இதழில் வெளிவந்தது.

'கதகதப்பு' என்று பெயர் வாங்கிய ஒரு தொடருக்கு மூலம் இவ்வளவு கசப்பானது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எனக்கும் தெரிந்தபோது கொஞ்சம் அதிர்ச்சிதான். அதற்குப் பிறகு அந்தக் கதைகளைப் படித்தால், எத்தனை மனிதர்கள் செத்தாலும் பூனைக்கு ஒரு கீறல் விழாதபடி அவர் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் புரிந்துவிடும்.

முதல் நாவல்கள் ஓடவில்லையா? அதனால்தான் நிறுத்தினாரா?

இல்லை, நன்றாகவே வரவேற்கப்பட்டன. 1966இல் 'பின்பக்கமாகப் படிக்கத் தெரிந்த பூனை', 1967இல் 'டேனிஷ் மாடர்ன் தின்ற பூனை', 1968இல் மூன்றாவது. வருஷத்துக்கு ஒன்று. முதல் நாவல் வந்த வருஷமே 'நியூயார்க் டைம்ஸ்' அந்த ஆண்டின் புதிய துப்பறிவாளர் என்று பாராட்டியது. டேனிஷ் மாடர்ன் என்பது தின்பண்டம் அல்ல, அந்தக் காலத்தில் மோஸ்தராக இருந்த மரச்சாமான் பாணி. அந்தப் பூனை கம்பளித் துணியைத் தின்கிற பூனை. இருக்கையின் உறையும் கம்பளிதானே.

அப்படியானால் ஏன் அந்த 18 வருஷ மௌனம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கம்.

எழுத்தாளர் மௌனமானால் நாம் உடனே இரண்டு காரணம் சொல்லிவிடுவோம்: சரக்குத் தீர்ந்துவிட்டது, இல்லாவிட்டால் மனசு உடைந்துவிட்டது. பிரௌன் விஷயத்தில் இரண்டும் பொருந்தாது. நான்காவது நாவலை எழுதி வைத்திருந்தார். வாங்க ஆள் இல்லை. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கக் குற்றக்கதைச் சந்தை முரட்டுத்தனத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. துப்பாக்கி, படுக்கையறை, நகரத்து இருட்டு. வாசகர்கள் கேட்டது செக்ஸும் வன்முறையும், பூனைக் கதையை யார் கேட்டார்கள் என்ற பொருளில் அவரே பின்னால் பேட்டிகளில் சொன்னார்.

இதை அழுதுகொண்டு சொன்னதாகத் தெரியவில்லை. அவருக்கு வேலை இருந்தது, சம்பளம் இருந்தது, தினமும் நிரப்ப வேண்டிய பத்திரிகைப் பக்கங்கள் இருந்தன. கையெழுத்துப் பிரதியை உள்ளே வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனார். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்றார், முதல் கணவர் இறந்தபின் ஏர்ல் பெட்டிங்கர் என்ற நடிகரை மணந்தார். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு 'எழுத்தை விட்டுவிட்ட பெண்'. உண்மையில் விடவில்லை, கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான்.

சந்தைக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதியிருக்கலாம். நாவல்களில் வரும் பூனைக்கும் கோக்கோ என்றுதான் பெயர், அதை விரட்டிவிட்டுக் கதாநாயகனான நிருபர் குவில்லரன் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் 1970இல் ஒரு புத்தகம் வந்திருக்கும், 1971இல் மறந்தும் போயிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. கொள்கைப் பிடிப்பா, சம்பளம் தந்த தைரியமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதுக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் போடுவேன். மாசச் சம்பளம் வாங்குகிற எழுத்தாளருக்குக் காத்திருக்க முடியும்.

திரும்பி வரவைத்தது எது?

வீட்டுக்குள் ஒருவர், வெளியே ஒரு காற்று. அந்த ஒருவர் கணவர் பெட்டிங்கர். கிடப்பில் இருந்த நாவலை மறுபடி அனுப்பச் சொல்லித் தூண்டியது அவர்தான். காற்று என்றது எண்பதுகளில் மாறிய ரசனையை. 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'மர்டர், ஷீ ரோட்' தொடர் தொடங்கியது. சின்ன ஊரில் குடியிருக்கும் வயதான துப்பறியும் கதாசிரியை கொலைகாரர்களைப் பிடிக்கிறார். அது 1996 வரை ஓடியது. அரிவாள், ஆபாசம் இல்லாத கொலைக்கதைக்குக் கூட்டம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 1989இல் இந்த வகைக்கென்றே 'மாலிஸ் டொமெஸ்டிக்' என்ற வருடாந்தர மாநாடு தொடங்குகிற அளவுக்கு அந்த அலை வளர்ந்தது. பிரௌன் அந்த அலையின் முன்வரிசையில் வந்தவர்.

1986இல் பெர்க்லி பதிப்பகம் 'சிவப்பைக் கண்ட பூனை' நாவலை நேரடியாகப் பேப்பர்பேக்காகக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் 'சிவப்பைக் காண்பது' என்றால் கோபம் தலைக்கேறுவது. இரண்டே வருஷத்தில் நான்கு புது நாவல்கள் வந்தன, அறுபதுகளில் வந்த பழைய மூன்றும் மறுபடி அச்சேறின. திரும்பி வந்த நாவல், அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தரும் எட்கர் விருதுக்கு, பேப்பர்பேக் பிரிவில், இறுதிப் பட்டியலுக்கும் போனது. விருது கிடைக்கவில்லை. அதனால் ஒன்றும் குறையவில்லை.

அப்போது அவருக்கு என்ன வயது?

73-ஐத் தொட்ட வருஷம். ஆனால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பிறந்த வருஷத்தை வெளியே விடாமல் பல காலம் மறைத்து வைத்திருந்தார். 2005இல் ஒரு பேட்டியில்தான் உடைத்தார். 29 நாவல்களில் 26 நாவல்கள் அந்த 73-க்கும் 94-க்கும் இடையில் வந்தவை. நம் ஊரில் அந்த வயதில் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதே முழுநேர வேலை.

நான்காவது நாவலில் 18 வருஷ இடைவெளி தெரிகிறதா?

தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 'நான் இத்தனை நாள் எங்கே போனேன் என்றால்' என்று ஒரு முன்னுரை இல்லை. கதாநாயகனுக்கு வயதாகவில்லை. குவில்லரன் அதே 'டெய்லி ஃப்ளக்ஷன்' பத்திரிகையில் அதே நிருபராக இருக்கிறார். டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்கிறார், அந்த நேரம் பார்த்து ஆசிரியர் அவரை ஹோட்டல் ஹோட்டலாகச் சாப்பிட்டு எழுதுகிற வேலையில் போடுகிறார். மண்பாண்டக் கலைஞர்கள் தங்கும் ஒரு விசித்திரமான கட்டடத்தில் குடியேறுகிறார், அங்கே பழைய காதலி ஒருத்தி வந்து சேர்கிறாள், காணாமல் போகிறாள். கோக்கோ தட்டச்சு இயந்திரத்தின் விசைகளில் கால் வைக்கிறது. ராத்திரி மூடிவைத்த புத்தகத்தைக் காலையில் திறந்தது போல இருக்கும்.

அவர் ஆபீஸ் மேஜையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? முதல் நாவலில் ஓவிய உலகம், இரண்டாவதில் உள் அலங்காரம், மூன்றாவதில் பழம்பொருள் கடைகள், நான்காவதில் சாப்பாடும் மண்பாண்டமும். ஒரு 'குட் லிவிங்' ஆசிரியரின் வாராந்தரப் பக்கத்தைப் பிரித்து வைத்த மாதிரி இல்லை? நாவல் வராத வருஷங்களிலும் அந்த உலகத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் திரும்பி வந்தபின் எதையுமே மாற்றவில்லையா?

மாற்றினார், ஒரு புத்தகம் தள்ளி. 1987இல் வந்த 'பிராம்ஸ் வாசித்த பூனை' நாவலில் குவில்லரனை ஒரு ஏரிக்கரை மரவீட்டுக்கு விடுமுறைக்கு அனுப்புகிறார். அதோடு பெருநகரக் கதை முடிந்தது. அம்மாவின் தோழியாக இருந்து, உறவு இல்லாமலே 'அத்தை' ஆன ஃபேனியின் பெருஞ்சொத்து குவில்லரனுக்கு வருகிறது, ஒரு நிபந்தனையுடன்: ஐந்து வருஷம் அந்த மூஸ் கவுண்டியிலேயே குடியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் வடக்கே 400 மைல் என்பதுதான் அந்த இடத்துக்கு முகவரி. மாநிலத்தின் பெயரைக் கடைசிவரை சொல்ல மாட்டார்.

வேலைக்குப் போகும் நிருபர், வேலை வேண்டாத கோடீஸ்வரர் ஆகிறார். பணத்தைப் பெரும்பாலும் ஓர் அறக்கட்டளைக்குத் தள்ளிவிட்டு, உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டு இருக்கிறார். அந்தப் பத்திரிகையின் பெயர் 'மூஸ் கவுண்டி சம்திங்', அதாவது 'மூஸ் கவுண்டி ஏதோ ஒன்று'. இந்த இடமாற்றம்தான் தொடருக்கு நீண்ட ஆயுளைக் கொடுத்தது என்பது என் கணிப்பு. பெருநகரத்தில் ஒவ்வொரு நாவலுக்கும் புது ஆட்களைக் கொண்டுவர வேண்டும். சின்ன ஊரில் ஆட்கள் அங்கேயே இருப்பார்கள், புதிதாக வர வேண்டியது பிணம் மட்டும்.

மூஸ் கவுண்டி நிஜமான இடமா?

கற்பனை. அதன் தலைநகர் பிக்ஆக்ஸ். நம் மேஸ்திரிகள் 'பிக்காசு' என்பார்களே, அதேதான். எண்பதுகளின் நடுப்பகுதி வரை பிரௌன் தம்பதி மிச்சிகன் மாநிலத்தில் பேட் ஆக்ஸ் என்ற ஊரில் இருந்தார்கள். பேட் ஆக்ஸ், பிக்ஆக்ஸ். அதனால் மூலம் அந்த ஊர்தான் என்று வாசகர்கள் பலர் நம்புகிறார்கள். கோடரியைக் கீழே போட்டுப் பிக்காசைக் கையில் எடுத்தார் என்று நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துகொள்கிறேன்.

பூனைகள் பேசுமா?

பேசாது. இந்தத் தொடரின் கெட்டிக்காரத்தனமே அங்கேதான். கோக்கோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும், செய்தித்தாளின் தலைப்பு வரியில் வலமிருந்து இடமாக மூக்கை ஓட்டும், நடுராத்திரியில் ஊளையிடும். யம் யம் என்ற பெண்பூனை சின்னச் சின்னப் பொருட்களைத் திருடும். வீட்டில் பூனை இருப்பவர்களுக்கு இதெல்லாம் தினசரி நடப்பு. துப்பு என்று எடுத்துக்கொள்வது குவில்லரன்தான், அவர் மீசை குறுகுறுத்தால் ஏதோ தப்பு என்று அர்த்தம். பூனைக்குத் தெரிந்திருந்ததா, தற்செயலா என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதே இல்லை.

குவில்லரன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கியூவுக்குப் பின்னால் யூ வராது, டபிள்யூ வரும். அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சலித்துப்போவது தொடர் முழுக்க வருகிற வேடிக்கை. தமிழில் 'கு' போட்டால் வேலை முடிந்தது.

வேறு யாராவது இப்படி நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பியிருக்கிறார்களா?

பாத்திரங்கள் திரும்பியது உண்டு. அகதா கிறிஸ்டி மிஸ் மார்ப்பிளை 1930இல் நாவலில் அறிமுகப்படுத்தினார், அடுத்த மார்ப்பிள் நாவல் 1942இல். நடுவில் சிறுகதைகள் மட்டும். அவருடைய டாமி, டப்பென்ஸ் ஜோடி 1941-க்குப் பிறகு 1968இல்தான் வந்தது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று கடிதம் எழுதிக் கேட்ட வாசகர்களுக்கே அந்த நாவலைச் சமர்ப்பித்தார். பெட்ரிஷியா வென்ட்வொர்த்தின் மிஸ் சில்வர் 1928இல் ஒரு நாவலில் வந்துவிட்டு 1937இல்தான் மறுபடி வந்தார். ஆனால் அந்த எழுத்தாளர்கள் அந்த இடைவெளியில் வேறு புத்தகம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரௌனுக்கு அந்த 18 வருஷத்தில் நாவல் எதுவுமே வெளிவரவில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

பொறுமை இருந்தால் 1966 நாவலிலிருந்து. ஆங்கிலத்தில் 'தி கேட் ஹூ குட் ரீட் பேக்வர்ட்ஸ்' என்று தேடுங்கள். சின்ன ஊர் வாசனைதான் வேண்டும் என்றால் நான்காவதையும் ஐந்தாவதையும் அடுத்தடுத்துப் படியுங்கள், திரும்பி வந்ததும் இடம் மாறியதும் கையில் கிடைத்துவிடும். 1988இல் வந்த 'ஷேக்ஸ்பியரை அறிந்த பூனை'யும் நல்லது. ஐந்துக்கு மேல் வரிசை ரொம்ப முக்கியமில்லை.

கடைசி நாவல்கள் சுமார் என்கிறார்களே?

உண்மைதான், மழுப்ப விரும்பவில்லை. 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மர்மம் மெலிந்து, ஊர் வம்பும் விருந்துமாகப் போய்விடுகிறது. 2007இல் வந்த 29ஆவது நாவல், '60 மீசை முடி கொண்ட பூனை', பலரைக் கோபப்படுத்தியது. குவில்லரனின் நெடுநாள் துணை பாலி பாரிஸுக்குப் போய்விடுகிறாள், அவர் ஆசையாகக் குடியிருந்த ஆப்பிள் களஞ்சிய வீடு எரிந்துபோகிறது. இருபது வருஷம் கூட வந்த வாசகருக்கு அது தன் வீடு எரிந்த மாதிரி. நானும் அந்தப் புத்தகத்தை இன்னொரு முறை எடுக்கவில்லை.

30ஆவது நாவல் என்ன ஆனது?

'புகையை முகர்ந்த பூனை' என்று தலைப்பு அறிவிக்கப்பட்டது. புத்தகம் வரவில்லை. 2011 ஜூன் 4 அன்று, 98 வயதுக்கு 16 நாள் இருக்கும்போது, தென் கரோலினாவில் இறந்தார். இந்தத் தடவை சாத்திய கதவைத் திறந்துவிட யாராலும் முடியவில்லை.

எனக்குப் பூனையே பிடிக்காது. படிக்கலாமா?

தாராளமாக. குவில்லரனும் முதல் நாவலில் பூனை வேண்டும் என்று கேட்டவர் இல்லை. ஓவிய விமர்சகர் ஒருவரின் வீட்டில் வாடகைக்குப் போகிறார், அந்த வீட்டுக்காரரின் பூனைக்குச் சாப்பாடு வைக்கிற வேலை தலையில் விழுகிறது. அவ்வளவுதான் ஆரம்பம்.